பழைய காருக்குப் புது ஷாக் அப்சார்பர்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2010ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஆல்டோ எல்எக்ஸ்ஐ காரை இன்றும் நானே ஓட்டுகிறேன். இதுவரை 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆர்.சி.யை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டதால் விற்கும் எண்ணம் இல்லை. சில மாதங்களாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. சிறு பள்ளங்களில் இடப்புறம் ‘டக் டக்’ என்ற சத்தமும் கேட்கிறது. ஒரு சர்வீஸ் நிலையத்தில் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்ற வேண்டும், 13,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கோ முன்னால் இருக்கும் இரண்டையும் கழற்றி எண்ணெய் மாற்றி ‘ரீகண்டிஷன்’ செய்தால் 1,600 ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார். இணையத்தில் பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் ஷாக் அப்சார்பர்கள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஓய்வூதியத்தில் வாழும் நான் யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் செலவு தானாகவே குறையும். 13,800 ரூபாய் முழுவதும் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அந்த 1,600 ரூபாயைக் கொடுத்தால், அது பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும்.

காரின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை ஒருமுறை அமுக்கிவிட்டால் அது பலமுறை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அதன் சிறிய வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது எழும் எதிர்ப்பே சக்கரத்தின் துள்ளலை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆயிரம் தடவைக்கு மேல் அந்தப் பிஸ்டன் அசைகிறது என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி உங்கள் காரின் ஷாக் அப்சார்பர், இதுவரை மாற்றப்படாததாக இருந்தால், ஒன்பது கோடித் தடவை உழைத்துவிட்டது. அது ஓய்வு கேட்பதில் வியப்பில்லை.

முதலில் ஆட்டத்தைச் சோதியுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்பக்க மட்கார்டின் மேல் ஓரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து (ஆல்டோவின் தகடு மெல்லியது, நடுவில் அமுக்கினால் குழி விழும்), இரண்டு மூன்று முறை அழுத்தி ஆட்டிவிட்டு, கார் கீழே அமுங்கியிருக்கும் நொடியில் கையை எடுத்துவிடுங்கள். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் வண்டி மேலே எழும்பி, ஒருமுறை இறங்கி, அத்துடன் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஊஞ்சலாடினால் அது முடிந்துவிட்டது என்று பொருள். நான்கு மூலைகளிலும் இதைச் செய்து பாருங்கள். இந்தச் சோதனை முற்றிலும் செத்துப்போனதைத்தான் காட்டிக்கொடுக்கும், பாதி தளர்ந்ததைக் காட்டாது. ஆகவே ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் தெரியும் குழாயை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பகுதியில் மட்டும் மெல்லிய ஈரப்பசையும் அதன்மேல் தூசியும் இருந்தால் அது வியர்வை போன்றது, கவலைப்பட வேண்டாம். எண்ணெய் கோடுகோடாக வழிந்து கீழ்வரை வந்திருந்தால் உள்ளே இருந்த எண்ணெய் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அப்படியே டயரின் மேற்பரப்பில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். சமமாகத் தேயாமல் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையில் படியாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அப்படித் துள்ளும் சக்கரத்துக்கு பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. சொகுசைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது அந்த ‘டக் டக்’. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் சத்தம் போடாது, வண்டியை ஆடவிடும், அவ்வளவுதான். சிறு பள்ளத்தில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் ரப்பர் அல்லது மூட்டு சம்பந்தப்பட்டது: ஸ்ட்ரட்டின் (முன்பக்கத்தில் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பொருத்திய ஷாக் அப்சார்பர்) தலையிலிருக்கும் மவுண்டிங், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ் (ரப்பர் உருளை), சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ், அல்லது அந்த ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். பதினைந்து ஆண்டு வெயிலிலும் தண்ணீரிலும் இருந்த ரப்பர் வெடித்து, கல்லைப் போல் இறுகிவிடும். பானெட்டைத் திறந்துவைத்து, உங்கள் கையை ஸ்ட்ரட்டின் மேல்நுனியில் லேசாக வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். உள்ளங்கையில் தட்டுவதோ, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று விடுபடுவதோ தெரிந்தால் மவுண்டிங்கும் அதிலுள்ள பேரிங்கும் போய்விட்டன. பால் ஜாயின்டின் ஆட்டத்தை மட்டும் நீங்களே தீர்மானிக்க வேண்டாம்; அது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும், ஆகையால் மெக்கானிக் காரைத் தூக்கிவைத்து, கடப்பாரையால் நெம்பிப் பார்த்துச் சொல்லட்டும். நான்கு புது ஷாக் அப்சார்பர்கள் போட்ட பிறகும் அதே சத்தம் கேட்கிறது என்று எழுதும் வாசகர்கள் பலர். அவர்கள் பணம் கொடுத்தது ஒரு நோய்க்கு, மருந்து கேட்டது இன்னொன்றுக்கு.

இனி ‘ரீகண்டிஷன்’ விஷயத்துக்கு வருவோம். ஷாக் அப்சார்பர் கழற்றிப் பழுதுபார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. அதன் வாயைத் தொழிற்சாலையிலேயே மடித்து அடைத்துவிடுகிறார்கள். பட்டறையில் லேத்தில் வைத்து அந்த வாயை வெட்டித் திறந்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைப் புதிதாகப் போட்டு, கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றி, மறுபடி அடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். உங்கள் காரில் இருப்பது வாயு நிரப்பிய வகை என்றால், எண்ணெய் நுரைத்துவிடாமல் அழுத்தி வைப்பதற்காக உள்ளே நைட்ரஜன் இருக்கும். லேத்தில் வெட்டிய நொடியில் அந்த வாயு போய்விடும், திரும்ப வராது. தேய்ந்த வால்வு தேய்ந்தபடியே இருக்கும். பிஸ்டன் தண்டின் குரோமியப் பூச்சில் துரு குத்திய சிறு புள்ளிகள் இருந்தால், அவை புது சீலையும் சில மாதங்களில் அறுத்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிக்கனத்தை நானும் செய்து பார்த்தவன். தீபாவளிக்கு மாட்டியவை பங்குனி உத்திரத்துக்குள் ஒழுகிவிட்டன. கழற்றிக் கீழே வைத்த பழையதின் தண்டைக் கையால் அழுத்தினேன். ‘களக் களக்’ என்று உள்ளே எண்ணெய் அலம்பும் சத்தத்துடன், எந்த எதிர்ப்பும் இல்லாமல், சைக்கிள் பம்பு போல அடிவரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த புதியதை அமுக்க என் முழு உடல் எடையும் தேவைப்பட்டது. கையை எடுத்ததும் அது மெதுவாகத் தானே எழும்பி வந்தது. அந்த வேறுபாட்டைக் கையால் உணர்ந்தவர்கள் மறுபடி எண்ணெய் ஊற்றச் சொல்ல மாட்டார்கள். அதோடு, கழற்றி மாட்டும் கூலியை இரண்டு முறை கொடுத்ததுதான் எனக்குக் கிடைத்த மிச்சம்.

அப்படியானால் எதை வாங்குவது? கார் கம்பெனிகள் ஷாக் அப்சார்பரைப் பொதுவாகத் தாங்களே செய்வதில்லை. உதிரிபாகத் தயாரிப்பாளர்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. அதே தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிட்ட பெட்டியிலும் கடைகளுக்கு விற்கிறார்கள். 1961இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா அப்படிப்பட்ட நிறுவனம். மாருதிக்கும் பொருள் கொடுக்கிறது, உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கிறது, நம் ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. அமெரிக்கப் பின்னணி கொண்ட மன்ரோ, ஜப்பானின் கேஒய்பி ஆகிய பெயர்களும் நம்பத்தக்கவையே. கார் கம்பெனியின் முத்திரையிட்ட பெட்டியைவிட இவற்றின் விலை பொதுவாகக் குறைவாக இருக்கும். உங்கள் நிலையில் நான் இருந்தால், தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வரும் இந்த வகையைத்தான் வாங்குவேன். பெயர் தெரியாத இணையச் சரக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதன் தரத்தைப் பற்றிய ஐயம் மட்டுமல்ல. அது ஆறு மாதத்தில் ஒழுகினால் பொருளை மாற்றித் தந்தாலும் கூலியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள் என்பதும்தான்.

கடையில் ‘ஆல்டோவுக்கு ஒரு ஜோடி’ என்று மட்டும் கேட்காதீர்கள். 2000இல் வந்த பழைய ஆல்டோ, 2010இல் வந்த ஆல்டோ கே10, 2012இல் வந்த ஆல்டோ 800 என அந்தப் பெயரில் ஓடும் கார்கள் பல. நீங்கள் வாங்கிய ஆண்டிலேயே கே10 அறிமுகமானதால், ஆண்டை மட்டும் சொன்னாலும் கடைக்காரர் குழம்பக்கூடும். உங்களுடையது 12 அங்குலச் சக்கரம் கொண்ட 796 சி.சி. வண்டி, கே10 என்பது 13 அங்குலச் சக்கரமும் பெரிய எஞ்சினும் கொண்டது. ஆர்.சி.யில் எம்ஏ3 என்று தொடங்கும் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பாகத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டே கேளுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டில் பிரேக் ஹோஸைத் தாங்கும் பிடி இருப்பதால் இடது வேறு, வலது வேறு; இரண்டும் ஒரே பக்கத்துக்கானவையாக வந்துவிட்டதை வண்டியைப் பிரித்துப்போட்ட பிறகு கண்டுபிடிப்பது மிகவும் எரிச்சலான அனுபவம்.

பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் குழாயில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்டு கண்ணாடி போல் பளபளக்க வேண்டும், ஒரு கீறலும் கூடாது. வாயு வகை என்றால் பெரும்பாலும் தண்டை உள்ளே அழுத்தி ஒரு பட்டையால் கட்டியிருப்பார்கள். பட்டையை வெட்டியதும் தண்டு தானே எழும்பி வர வேண்டும். எழும்பாவிட்டால் வாங்காதீர்கள். கடையின் முத்திரையும் தேதியும் உள்ள ரசீது கையில் இல்லாமல் எந்த வாரன்டியும் செல்லாது.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்), தூசி மறைக்கும் ரப்பர் உறை ஆகிய எல்லாமே கையில் வந்துவிடும். இவற்றின் விலை ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் இப்போது மாற்றாமல் ஓராண்டு கழித்து மாற்றினால் அதே கூலியை மறுபடி முழுவதுமாகக் கொடுக்க வேண்டும். குறிப்பாகக் கிழிந்த உறையோடு புது ஷாக் அப்சார்பரை மாட்டுவது, தண்டின்மேல் மணலைத் தூவி ஓட்டுவதற்குச் சமம். ஸ்பிரிங்கையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: கீழ்ச்சுருளின் நுனி துருப்பிடித்து உடைந்திருப்பது பழைய வண்டிகளில் அரிதல்ல.

வேலை நடக்கும்போது அருகில் இருங்கள். புதியதை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுவதுமாக அமுக்கி எழுப்பிய பிறகே பொருத்த வேண்டும். கிடத்தி வைத்திருந்ததால் எண்ணெய்ப் பகுதிக்குள் புகுந்த காற்று அப்போதுதான் விலகும். மேல் நட்டை இறுக்கும்போது தண்டு சுற்றுகிறதே என்று கட்டிங் பிளேயரால் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்தப் பல்லின் தடம் ஒன்று போதும், சீல் கிழிவதற்கு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத பட்டறையில் முன்பக்க வேலையைக் கொடுக்கவே வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் மெக்கானிக்கின் முகத்தைத்தான் தாக்கும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள், இல்லையென்றால் ஷாக் அப்சார்பரில் மிச்சமான பணத்தை டயர் தின்றுவிடும்.

பின்பக்கத்துக்கு வருவோம். உங்கள் ஆல்டோவின் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஸ்பிரிங்கைத் தொடாமலே ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றலாம் என்பதால் கூலியும் நேரமும் குறைவு. அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டே கழற்ற வேண்டும், விட்டுவிட்டால் அச்சு இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும். பின்னால் ஆட்டச் சோதனையில் தேறி, எண்ணெயும் வழியாமல் இருந்தால், அந்த இரண்டையும் இப்போது மாற்றத் தேவையில்லை. முன்னாலும் பின்னாலும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. எனவே சர்வீஸ் நிலையத்தில் மொத்தத் தொகையைக் கேட்காமல், பாகம் இவ்வளவு, கூலி இவ்வளவு எனப் பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பின்பக்க இரண்டையும் அடித்துவிட்டு, முன்பக்கத்துக்கு வெளிக்கடை விலையை எழுதிப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கிடம், எண்ணெய் மாற்ற வேண்டாம், நான் வாங்கித் தருவதைப் பொருத்திக் கொடுங்கள் என்று சொன்னால் அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: என்னுடையது 2008ஆம் ஆண்டு சான்ட்ரோ ஜிங். பின்னால் இடப்புற ஷாக் அப்சார்பரில் மட்டும் எண்ணெய் வழிகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? இரண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்வது வியாபாரம்தானே?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: இந்த ஓர் இடத்தில் அது வியாபாரம் இல்லை அம்மா. ஒரே அச்சின் ஒரு முனையில் புதியதும் மறுமுனையில் பதினேழு வயதுக்காரரும் இருந்தால், வளைவிலோ திடீர் பிரேக்கிலோ இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக அடங்கும். ஈரச் சாலையில் அந்த வேறுபாடு ஆபத்தாகும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு ஜோடி, அதுவும் ஒரே கம்பெனி, ஒரே வகை. வலப்புறத்தில் இருப்பது சில மாதங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டது என்றால் மட்டும், அதே வகையில் இடப்புறத்துக்கு ஒன்று வாங்கினால் போதும். முன்பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொன்னால், அதற்குக் காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றிய அசல் ஷாக் அப்சார்பர் கால் விலைக்குக் கிடைக்கிறது. வேகன் ஆருக்கு வாங்கிப் போடலாமா?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் வாங்குவதை நான் எப்போதும் ஆதரிப்பவன். அவற்றின் நிலை கண்ணுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பரின் தேய்மானம் குழாய்க்குள் இருக்கிறது. அந்த வண்டி எவ்வளவு ஓடியது, மோதியபோது தண்டு இம்மியளவு வளைந்ததா என்பதை விற்பவராலும் சொல்ல முடியாது. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மூன்று இடங்களில் விலை விசாரித்துப் புதியதையே வாங்குங்கள்.

கேள்வி: எரிவாயு சிலிண்டர் பொருத்திய என் பழைய காரின் பின்பகுதி தாழ்ந்துவிட்டது, குடும்பத்தோடு ஏறினால் வேகத்தடையில் அடி தட்டுகிறது. கடினமான ஷாக் அப்சார்பர் போட்டால் உயருமா? ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர் வளையத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள்.
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உயராது. நிற்கும் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். அது தளர்ந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் எடை அதற்கு அதிகமாகிவிட்டது. வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள்: வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, பின்சக்கரங்களின் மையத்திலிருந்து மேலேயுள்ள மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்கக்கூடும். இரண்டும் சமமாகத் தாழ்ந்திருந்தால் ஜோடியாக ஸ்பிரிங் மாற்றுங்கள். ரப்பர் வளையம் உயரத்தைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் அது இருக்கும் சுருளை அசையவிடாமல் தடுத்து, மற்றச் சுருள்களின்மேல் பாரத்தை ஏற்றிவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இடுப்பு அந்த வளையத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.